மூடி வெச்ச ஸ்விம்மிங் பூல் ஏன் காசு கேக்குது?

பாய்ஸ் ஹாஸ்டல் பின்னாடி, பேட்மின்டன் கோர்ட்டைத் தாண்டிப் போனா தார்ப்பாய் போட்டு மூடின ஒரு பெரிய பள்ளம் இருக்கு. ஜூனியர்ஸ் நிறைய பேர் அதை ஏதோ பாதியில நின்ன கட்டடம்னுதான் நினைச்சுட்டு இருக்கீங்க. அது நம்ம காலேஜ் ஸ்விம்மிங் பூல். நான் சேர்ந்த வருஷம் அதுல தண்ணி இருந்துச்சு. காலையில வெளி ஆளுங்களுக்கு ஃபீஸ் வாங்கிட்டு கோச்சிங் நடத்துவாங்க, சாயங்காலம் நமக்கு. நான் நீச்சல் கத்துக்கிட்டதே அங்க நடந்த மே மாசக் கேம்ப்லதான். பக்கத்துல எட்டு வயசு வாண்டுங்க மீன் மாதிரி போகும்போது, நான் மூக்குல தண்ணி ஏறி இருமிக்கிட்டு நின்னது இன்னும் ஞாபகம் இருக்கு.

செகண்ட் இயர் முடியறப்போ மூடிட்டாங்க. காரணம் ஒரே வரி: மெயின்டனன்ஸ் செலவு கட்டுப்படியாகலை. தண்ணியை இறைச்சாங்க, பம்ப்பை ஆஃப் பண்ணாங்க, கேட்டைப் பூட்டினாங்க. போன செமஸ்டர்ல திரும்பத் திறக்கலாமான்னு ஒரு கான்ட்ராக்டர்கிட்ட எஸ்டிமேட் கேட்டிருக்காங்க. வந்த தொகை ஏழு இலக்கம். யாரும் இறங்கி ஒரு லேப் கூட அடிக்காத பூலுக்கு!

எனக்கு இது மண்டையில ஏறவே இல்லை. செலவாகும்னுதானே மூடினோம்? மூடினதுக்கு ஏன் செலவு? ஃபைனல் இயருக்கு முன்னாடி லீவ்ல, ஈ.சி.ஆர். பக்கம் ரிசார்ட், கிளப் பூல்களைப் பராமரிக்கிற ஒரு சின்ன கம்பெனியில ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் கிடைச்சுது. ஏ.சி. ஆபீஸ்ல ஆட்டோகேட் பண்ணலாம்னு போனேன், கிடைச்சது பம்ப் ரூம். ஆனா என் கேள்விக்குப் பதில் அங்கதான் இருந்துச்சு.

முதல்ல ஒரு பூலை எடுத்துக்குவோம். 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். நம்ம காலேஜ் பூலும் இந்த சைஸ்தான். பெருக்கிப் பாத்தா 437.5 கன மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 4.4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில 36 லோடுக்கும் மேல. 2019 கோடையில சென்னையில ஏரியெல்லாம் வறண்டு, குடத்தோட லாரிக்கு நின்னவங்களுக்கு இந்த நம்பர் என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்ளோ தண்ணியை ஒருதடவை நிரப்பிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நாம நினைப்போம். இல்லைங்க. பூல் ஒரு தொட்டி இல்லை, ரொம்ப மெதுவா ஓடுற ஒரு ஆறு. பூல்ல இருக்கிற மொத்தத் தண்ணிக்குச் சமமான அளவு தண்ணி, பொதுப் பூலா இருந்தா சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருதடவை ஃபில்டர் வழியா போய்த் திரும்பி வரணும். இதுக்குப் பேரு டர்ன்ஓவர். நம்ம பூலுக்கு மணிக்கு 73 கன மீட்டர். பைப், வால்வு, சாண்ட் ஃபில்டர்னு எல்லா இடத்துலயும் இருக்கிற ஃப்ரிக்‌ஷனைச் சேர்த்து 15 மீட்டர் ஹெட்னு வெச்சு, பம்ப் எஃபிஷியன்சி 60 சதவீதம், மோட்டார் 85 சதவீதம்னு போட்டா கரன்ட் சுமார் 6 கிலோவாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினா 96 யூனிட். யூனிட் 9 ரூபாய்னு வெச்சுக்குங்க. மாசம் 26,000 ரூபாய் பம்ப்புக்கு மட்டும்.

இதைக் குளோரின் செலவோட ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு நாளைக்கு 2 பி.பி.எம். குளோரின் செலவாகுதுன்னா, 437.5 கன மீட்டருக்கு 875 கிராம். மாத்திரை வடிவுல வர்ற டிஎன்ட்டி இல்ல, டிசிசிஏ (ட்ரைகுளோர்னு கடையில கேட்டா தருவாங்க), ஒரு கிலோ கூட ஆகாது. கிலோ 300 ரூபாய்னு போட்டாலும் மாசம் 9,000. ஆனா நான் போன எல்லா இடத்துலயும் மேனேஜருங்க சண்டை போட்டது குளோரின் பில்லுக்குத்தான். மாத்திரை கண்ணுக்குத் தெரியுது, மூட்டையா வந்து இறங்குது. கரன்ட் பில் மொத்த ரிசார்ட்டுக்கும் சேர்ந்து ஒரே பில்லா வர்றதால, அதுல பூல் எவ்ளோ திங்குதுன்னு யாருக்கும் தெரியறதில்லை. யானையைக் கட்டித் தீனி போடுறவங்க, வாழைப்பழத்தை மட்டும் எண்ணிக்கிட்டு இருக்கிற கதை.

இங்கதான் ஃப்ளூயிட் மெஷினரி பேப்பர்ல நாம ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ண அஃபினிட்டி லா வருது. பம்ப் வேகத்தைப் பாதியாக்கினா ஃப்ளோவும் பாதியாகும். ஆனா பவர் எட்டுல ஒரு பங்கா குறையும். மேல் டேங்குக்குத் தண்ணி ஏத்துற மோட்டார்ல இது சரியா வேலை செய்யாது, ஏன்னா அங்க உயரத்தை ஜெயிச்சே ஆகணும். பூல்ல தண்ணி எங்கிருந்து கிளம்புதோ அதே மட்டத்துக்குத்தான் திரும்பி வருது. ஸ்டாட்டிக் ஹெட் கிட்டத்தட்ட பூஜ்யம், எல்லாமே ஃப்ரிக்‌ஷன். அதனால புக்ல இருக்கிற கணக்குக்கு ரொம்பப் பக்கத்துல வரும்.

எப்படின்னா, ஒரு வி.எஃப்.டி. மாட்டி, ஆளுங்க குளிக்கிற ஆறு மணி நேரம் மட்டும் ஃபுல் ஸ்பீடு ஓட்டுங்க. 36 யூனிட். மிச்ச 18 மணி நேரமும் 55 சதவீத வேகத்துல ஓட்டுங்க. அப்போ பவர் ஒரு கிலோவாட் பக்கம்தான், 18 மணி நேரத்துக்கு 19 யூனிட்டுக்குள்ள முடிஞ்சுடும். மொத்தம் 55 யூனிட். ஃபில்டர் வழியா போன தண்ணி, 16 மணி நேரம் ஃபுல் ஸ்பீடு ஓட்டினப்போ போன அதே அளவுதான். டிரைவ் நஷ்டம், மோட்டார் நஷ்டம்னு அஞ்சு யூனிட் சேர்த்து 60-னு போட்டாலும் மாசம் 10,000 ரூபாய் பக்கம் மிச்சம். வி.எஃப்.டி. விலையை விசாரிச்சு இந்த 10,000-ஆல வகுத்துப் பாருங்க, எத்தனை மாசத்துல போட்ட காசு திரும்பும்னு தெரியும். மெதுவா போனா சாண்ட் ஃபில்டர் இன்னும் நல்லா அழுக்கைப் பிடிக்கும், அது போனஸ். பேக்வாஷ் பண்றப்போ மட்டும் ஃபுல் ஸ்பீடுக்கு மாத்த மறக்கக் கூடாது.

பேக்வாஷ் பத்திச் சுருக்கமா சொல்லிடறேன். ஃபில்டர் மேல ஒரு பிரஷர் கேஜ் இருக்கும். சுத்தமா இருந்தப்போ காட்டினதை விட அரை பார் கூடினா தண்ணியைத் தலைகீழா விட்டு மணலைக் கழுவணும். நம்ம சைஸ் பூல்ல ஒரு தடவைக்கு 6,000 லிட்டர் வெளியே போகும், அரை லாரி. பல இடத்துல கேஜ் உடைஞ்சு கிடக்கும், "திங்கக்கிழமை ஆனா பேக்வாஷ்"னு பழக்கத்துல பண்ணுவாங்க. ஒரு கேஜ் மாத்தினா எத்தனை அரை லாரி மிச்சமாகும்னு அவங்களே கணக்குப் போடலாம்.

கெமிஸ்ட்ரிக்கு வருவோம். குளோரின் போட்டா மட்டும் போதாது, பி.எச். எவ்ளோன்னு பாக்கணும். கிருமியைக் கொல்றது ஹைப்போகுளோரஸ் ஆசிட். பி.எச். 7.5-ல போட்ட குளோரின்ல பாதி இந்த வடிவத்துல இருக்கும். 8-க்குப் போயிட்டா கால்வாசி, 8.5-ன்னா பத்துல ஒரு பங்கு. அதாவது பி.எச். பாக்காத ஆபரேட்டர் நூறு ரூபாய்க்கு மருந்து போட்டு பத்து ரூபாய்க்கு வேலை வாங்குறார். அப்புறம் "குளோரின் வாசனை ஜாஸ்தியா வருது, மருந்து அதிகம்"னு கஸ்டமர் கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க. அந்த வாசனை குளோரின் இல்லை. வியர்வையும் மூத்திரமும் குளோரினோட சேர்ந்து உண்டாகுற குளோரமைன். வாசனை வந்தா பெரும்பாலும் மருந்து பத்தலைன்னு அர்த்தம். பூல்ல இறங்கறதுக்கு முன்னாடி ஷவர்ல குளிங்கன்னு போர்டு வெக்கறது மரியாதைக்காக இல்லை, நேரடியா செலவைக் குறைக்கிறதுக்காக.

ட்ரைகுளோர் மாத்திரையில இன்னொரு கண்ணி இருக்கு. மாத்திரை கரையறப்போ குளோரினோட சயனூரிக் ஆசிடும் சேர்ந்து வரும். வெயில்ல குளோரின் சீக்கிரம் செத்துப் போகாம இது காப்பாத்தும், நம்ம ஊருக்கு நல்லதுதான். ஆனா 10 பி.பி.எம். குளோரின் போட்டா 6 பி.பி.எம். சயனூரிக் ஆசிட் சேரும், அது தானா போகாது. தினம் 2 பி.பி.எம். கணக்குல மூணு மாசத்துல 100-ஐத் தாண்டிடும். பேக்வாஷ்லயும் துள்ளித் தெறிக்கிறதுலயும் கொஞ்சம் போகும்தான், ஆனா பத்தாது. அந்த அளவுக்கு ஏறினா குளோரின் இருக்கும், வேலை செய்யாது. தண்ணி பச்சை கட்ட ஆரம்பிக்கும். ஆபரேட்டர் இன்னும் ரெண்டு மாத்திரை போடுவார். சரி பண்ண நடைமுறையில ஒரே வழி, பாதித் தண்ணியை வெளியேத்திட்டுப் புதுசு விடுறது. பாதின்னா 18 லாரி. மாத்திரையையும் லிக்விட் குளோரினையும் மாத்தி மாத்தி யூஸ் பண்ணியிருந்தா தவிர்த்திருக்கலாம்.

பச்சைத் தண்ணி நம்ம ஊர்ல மட்டும்னு நினைக்காதீங்க. 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல, உலகமே டிவியில பாத்துக்கிட்டு இருக்கிறப்போ டைவிங் பூல் ராத்திரியோட ராத்திரியா பச்சையா மாறிடுச்சு. யாரோ ஹைட்ரஜன் பெராக்சைடை ஊத்தினதுல இருந்த குளோரின் செயலிழந்து பாசி வளர்ந்துடுச்சு. பக்கத்துப் பூல்ல சிங்க்ரனைஸ்டு ஸ்விம்மிங் நடக்கணும், அங்க தண்ணிக்கு அடியில ஒருத்தரை ஒருத்தர் பாக்கணும். கடைசியில 37 லட்சம் லிட்டருக்கு மேல தண்ணியை இறைச்சுட்டு, ப்ராக்டிஸ் பூல்லேர்ந்து நல்ல தண்ணியைக் கொண்டு வந்து நிரப்பினாங்க.

இப்போ லீக். எனக்கு ரொம்பப் பிடிச்ச பாகம் இது, ஏன்னா கருவி ஒரு பக்கெட் மட்டும்தான். பூல் படிக்கட்டு மேல ஒரு பக்கெட்ல தண்ணி நிரப்பி வையுங்க. பக்கெட்ல இருக்கிற மட்டத்தையும் பூல் மட்டத்தையும் குறிச்சுக்குங்க. 24 மணி நேரம் கழிச்சுப் பாருங்க. பக்கெட்ல குறைஞ்சது ஆவியானது, ரெண்டுக்கும் ஒரே வெயில்தானே. பூல்ல அதுக்கும் மேல குறைஞ்சிருந்தா அது லீக்.

நான் போன ஒரு ரிசார்ட்ல பக்கெட் 6 மில்லிமீட்டர் இறங்கியிருந்துச்சு. பூல் 20. வித்தியாசம் 14 மில்லிமீட்டர், விரல் நகம் அளவு. ஆனா 312 சதுர மீட்டர் பரப்புல அது ஒரு நாளைக்கு 4,375 லிட்டர். நகரத்துல ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணின்னு அரசு கணக்கு வெக்குது. அந்தக் கணக்குல 32 பேரோட தண்ணி தினம் காணாம போகுது. மாசம் 11 லாரி. அதோட போட்ட மருந்தும் போகுது.

அந்த மேனேஜர் பூல் அடியில வெடிப்புன்னு முடிவே பண்ணிட்டார், டைல்ஸ் பேத்து வாட்டர்ப்ரூஃபிங் பண்ண ஆளைக் கூப்பிட இருந்தார். எங்க ஆபரேட்டர் அண்ணா மட்டும் "இரு தம்பி, பம்ப்பை நிறுத்திட்டு ஒரு நாள் பாப்போம்"னார். பம்ப் நின்ன அன்னைக்கு பூலும் பக்கெட்டும் ஒரே அளவு இறங்குச்சு. வெடிப்புன்னா பம்ப் நின்னாலும் ஒழுகணும். பம்ப் ஓடும்போது மட்டும் போகுதுன்னா பிரஷர் பக்கத்துல பிரச்சனை. ஃபில்டர் தலையில இருக்கிற மல்டிபோர்ட் வால்வைக் கழட்டினார். உள்ள சக்கர வடிவுல இருக்கிற ஸ்பைடர் கேஸ்கெட் ஒரு இடத்துல தேஞ்சு, தண்ணி கொஞ்சம் கொஞ்சமா பேக்வாஷ் லைன் வழியா நேரா மழைநீர் வடிகாலுக்குப் போய்க்கிட்டு இருந்துச்சு. சித்திரை வெயில்லயும் அந்த வடிகால் காயலை, யாரும் ஏன்னு கேக்கலை. கேஸ்கெட்டை மாத்தினது அரை மணி நேர வேலை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்வாங்கல்ல, கேஸ்கெட்டை விட அதைச் சென்னையிலேர்ந்து கூரியர்ல வரவழைச்ச செலவுதான் உறுத்துச்சு.

அந்த அண்ணா மாதிரி ஒரு ஆளோட சம்பளத்தைத்தான் முதல்ல வெட்டுவாங்க. அவருக்குப் பதிலா தோட்ட வேலை பாக்குறவரையே பூலையும் பாத்துக்கச் சொல்வாங்க. இதுல பணத்தை விடப் பெரிய ஆபத்து இருக்கு. ஆசிட்டையும் லிக்விட் குளோரினையும் ஒரே பக்கெட்ல ஊத்தினா குளோரின் கேஸ் வரும். ட்ரைகுளோரும், கால்சியம் ஹைப்போகுளோரைட் பவுடரும் ஒண்ணா சேர்ந்தா தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ரெண்டும் வெள்ளையா ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரே கரண்டியை ரெண்டுக்கும் யூஸ் பண்ணக் கூடாதுன்னு அண்ணா என்கிட்ட முதல் நாளே சொன்னார், அதுக்கு முன்னாடி என் பேரைக் கூட கேக்கலை.

செலவுன்னு தள்ளிப் போடவே கூடாத இன்னொண்ணு, அடியில இருக்கிற மெயின் ட்ரெயின் மூடி. மூடி உடைஞ்சு, 20-க்கு 20 சென்டிமீட்டர் ஓட்டையை ஒரு உடம்பு அடைச்சா, பம்ப் அரை பார் உறிஞ்சினாலே 200 கிலோ எடை இழுக்கிற மாதிரி இருக்கும். பெரியவங்களாலயே விடுபட முடியாது. அமெரிக்காவுல 2002-ல ஏழு வயசுப் பொண்ணு ஒரு ஸ்பாவுல இப்படி மாட்டி இறந்தாள். அதுக்கப்புறம் 2007-ல, விர்ஜீனியா கிரேம் பேக்கர்னு அவ பேர்லயே அங்க சட்டம் வந்துச்சு. பாதுகாப்பான மூடி, இல்லைன்னா தள்ளித் தள்ளி ரெண்டு ட்ரெயின், இவ்ளோதான் தீர்வு. உங்க அபார்ட்மென்ட் பூல்ல எத்தனை இருக்குன்னு ஒருதடவை பாருங்க.

சரி, நம்ம பள்ளத்துக்கு வருவோம்.

ஓடாத பூலுக்கு ஏன் செலவுன்னு நான் கேட்டப்போ அண்ணா சிரிச்சார். "தண்ணி உள்ள இருக்கிற வரைக்கும்தான் தம்பி அது பூலு. எடுத்துட்டா அது படகு." அப்போ புரியலை. என் ரூம்மேட் சிவில். பி.டி. சார்கிட்ட பர்மிஷன் வாங்கி, ரெண்டு பேரும் தார்ப்பாயை விலக்கி உள்ள இறங்கினோம். வெயில்ல காஞ்சு டைல்ஸ் பல இடத்துல உப்பி நிக்குது, தட்டினா டொக்கு டொக்குன்னு சத்தம். ஆழமான பக்கத்துல குறுக்கால ஒரு நீள வெடிப்பு. அதுலேர்ந்து சேறு கலந்த தண்ணி கசியுது. மேலேர்ந்து விழுந்த மழைத் தண்ணி இல்லை, கீழேர்ந்து வர்ற தண்ணி.

கணக்கு ரொம்ப சிம்பிள். நம்ம கேம்பஸ் ஏரிப் பக்கம். ஐப்பசி கார்த்திகையில நிலத்தடி நீர் மட்டம் எவ்ளோ மேல வரும்னு, கிரவுண்ட்ல கிரிக்கெட் ஆடுறவங்களுக்குத் தெரியும். பூல் தரைக்கு ஒரு மீட்டர் மேல தண்ணி மட்டம் நின்னா, ஒவ்வொரு சதுர மீட்டரையும் 1,000 கிலோ அளவுக்குக் கீழேர்ந்து தூக்கும். 20 சென்டிமீட்டர் கான்கிரீட் ஸ்லாபோட எடை சதுர மீட்டருக்கு 500 கிலோ. மிச்ச 500-ஐ யார் தாங்குறது? பூல்ல 1.8 மீட்டர் தண்ணி இருந்திருந்தா அதுவே 1,800 கிலோ அழுத்திப் பிடிச்சிருக்கும். தண்ணியை எடுத்தது மே மாசம். அந்த வருஷ மழையில தரை மேல எழும்பி வெடிச்சிருக்கு. ஏழு இலக்க எஸ்டிமேட்ல பெரும் பங்கு இந்தத் தரைக்கும் டைல்ஸுக்கும்தான்.

மூடித்தான் ஆகணும்னா, தண்ணியோடயே மூடியிருக்கணும். மேல கவர் போட்டு, பம்ப்பை மெதுவான வேகத்துல எட்டு மணி நேரம் ஓட்டினா 8 யூனிட், நாளைக்கு 75 ரூபாய்க்குள்ள. யாரும் குளிக்காததால மருந்தும் ரொம்பக் குறைச்சல். வாரத்துக்கு ரெண்டு தடவை ஒருத்தர் வந்து பி.எச். பாத்தா போதும்.

நாங்க எடுத்த போட்டோவையும் இந்தக் கணக்கையும் எஸ்டேட் ஆபீஸ்ல குடுத்திருக்கோம். ரிப்பேர் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை மட்டும் எஸ்டிமேட்ல சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கோம். ஆழமான பக்கத்துல, மெயின் ட்ரெயினுக்கு ஒட்டி, கையகல வட்டமா ஒரு மூடி இருக்கு. ஹைட்ரோஸ்டாட்டிக் ரிலீஃப் வால்வு. வெளித் தண்ணியோட அழுத்தம் கூடினா தானாத் திறந்து தண்ணியை உள்ள விட்டு, ஸ்லாபைக் காப்பாத்துறதுக்காகவே கட்டும்போது வெச்சது. ரூம்மேட் அதை நகத்தால சுரண்டிப் பாத்தான். எப்பவோ டைல்ஸ் வேலை நடந்தப்போ, ஒழுகுதுன்னு நினைச்சு யாரோ அதை வொயிட் சிமென்ட் வெச்சு அடைச்சிருக்காங்க.